நலங்கு மஞ்சளும் ஒரு மலிவுத் திரையும்

அன்புள்ள இளங்கோ,

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, சித்தேரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டாய். அன்றைக்கு அரூரில் உன் பள்ளிக்கு மட்டும் விடுமுறை. வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், நான் வேலை செய்த மலைப் பள்ளிக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வளைவில் இலையே இல்லாமல் பூவாக நின்றிருந்த கல்யாண முருங்கை மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாய். "ம்மா, எனக்குத் தெரியற செவப்பும் உனக்குத் தெரியற செவப்பும் ஒண்ணேதானா?" நான் அறிவியல் டீச்சர். கேள்வி வந்தால் உடனே ஒரு சோதனை செய்து காட்டிவிட வேண்டும் எனக்கு. "அந்தப் பூ உனக்கு என்னா கலரு?" என்றேன். "செவப்பு." "எனக்கும் செவப்பு. அப்ப ஒண்ணுதானே?" அடுத்த வளைவு வரை அந்த மரத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு, "பேரு ஒண்ணும்மா. கலரு ஒண்ணான்னு கேட்டேன்" என்றாய். முன் சீட்டில் சாமை மூட்டையை மடியில் வைத்திருந்த அம்மா ஒருவர் திரும்பி, "டீச்சரு, உங்களையே மடக்கிட்டான் பாருங்க!" என்று சிரித்தார். நான் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து உன் கையில் கொடுத்தேன். நீ தின்ன ஆரம்பித்தாய். கேள்வி பதில் இல்லாமல் நின்றுவிட்டது.

போன வாரம் ஓசூரிலிருந்து நீ போனில் கேட்டது வேறு கேள்வி. "இந்த லேப்டாப்புக்கு ஸ்கிரீன மாத்தறதா வேணாமா, ஒரு முடிவு சொல்லும்மா." நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மேகலாவின் குரல் கேட்டது. "அத்தே, ஸ்கிரீன மாத்தச் சொல்லாதீங்க, உங்க மகன் கண்ண மாத்தச் சொல்லுங்க!" நீயும் விடவில்லை. "உன் கண்ணத்தான்டி மாத்தணும்." இரண்டு பேரும் சிரித்தீர்கள். ஆனால் அந்தச் சிரிப்பு முடிந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் கல்யாண ஆல்பத்தை நானே செய்கிறேன் என்று படங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு போனாய். முகூர்த்தப் புடவையில் வந்து நின்றுவிட்டது. அரக்கு சரியாக வந்திருக்கிறது என்கிறாய் நீ. வெளுத்த செங்கல் போல இருக்கிறது என்கிறாள் அவள். கடைசியில் போனை அவள் வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "ஸ்கிரீன் போனாப் போவுது அத்தே. எனக்கு இப்படித் தெரியுதுன்னு சொன்னா ஒத்துக்கவே மாட்டேங்கறார். உனக்குத் தெரியல, உனக்குத் தெரியலன்னே சொல்றார்." அதற்குப் பிறகு நீ போனை வாங்கி, "படத்த அனுப்பறேன், நீயே சொல்லும்மா. உனக்குத்தான் ரெண்டு கண்ணும் புதுசாச்சே" என்றாய். நான் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "மாத்து, மாத்தாத. இதுல ஒண்ணச் சொல்றதுக்குப் பத்து மார்க் கேள்வி மாதிரி பக்கம் பக்கமா எழுதணுமா?" என்றார். எழுதத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் எப்படிப்பட்ட நீதிபதி என்று உனக்குத் தெரியும், மேகலாவுக்குத் தெரியாது. அதனால் இதை அவளும் படிக்கட்டும்.

அந்த லேப்டாப் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். படிப்பு முடிந்து, கம்பைநல்லூர் ஸ்டூடியோ பாய் ஆல்பம் வேலை தருகிறேன் என்று சொன்னதும், இருப்பதில் விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கினாய். வேகமெல்லாம் போதுமானதாகத்தான் இருந்தது. திரைதான் வினோதம். நேரே உட்கார்ந்தால் முகம் முகமாகத் தெரியும். எழுந்து நின்றால் எல்லாம் வெளுத்துப்போகும். கீழே குனிந்தால் மணமக்கள் கரிக்கட்டை ஆகிவிடுவார்கள். காலமெல்லாம் மலை ரூட்டில் பஸ் ஓட்டிய உன் அப்பா அதற்கு முன்னால் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்துவிட்டு, "என்னாடா இது, டிரைவர் சீட்டுல உக்காந்தாத்தான் ரோடு தெரியும் போலிருக்குது, பாசஞ்சருக்கு ஒண்ணும் தெரியாதா?" என்றார். திரைகளில் இரண்டு விதம் இருக்கிறது, மலிவானதை நேரே இருந்துதான் பார்க்க வேண்டும், நல்லது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நீ விளக்கினாய். அப்போது நமக்கு அது போதும் என்று பட்டது. உட்கார்வது நீ ஒருவன்தானே.

ஆனால் நீ தனியாக உட்காரவில்லை. நிறம் பார்க்க என்னைப் பக்கத்தில் கட்டிலில் உட்கார வைத்துக்கொள்வாய். அதற்குக் காரணம் இருந்தது. நம் தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனாலும் என்னைக் கூப்பிடுவார்கள். புடவையைக் கையில் கொண்டுபோகாமலேயே அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியை நினைவிலிருந்து எடுத்துவந்துவிடுவேன். அந்தப் பெயரை நீயும் நம்பினாய், நானும் நம்பினேன். கம்பைநல்லூர் கல்யாண வேலை வந்தபோது அப்படித்தான் உட்கார்ந்தோம். அதில் நலங்குப் படங்கள் நிறைய. பெண்ணுக்குக் கன்னத்திலும் கையிலும் காலிலும் மஞ்சள் பூசி, உறவுக்காரப் பெண்கள் சுற்றி நின்று சிரிக்கிற படங்கள். நீ ஒவ்வொன்றாகத் திறப்பாய். "கொஞ்சம் மஞ்சளா அடிக்குது கண்ணு, கொறை" என்பேன். குறைப்பாய். "இன்னும் கொஞ்சம்." இன்னும் குறைப்பாய். ஒருமுறை மட்டும், "போதும்மா, இதுக்கு மேல போனா நீலம் தட்டும்" என்றாய். "எனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். நீ இன்னும் குறைத்தாய்.

ஆல்பம் அச்சாகி வந்த பிறகு பாய் கூப்பிட்டார். குரல் சரியில்லை என்று நீ சொன்னதால் நானும் உன்னோடு கம்பைநல்லூருக்கு வந்தேன். ஸ்டூடியோவில் பெண்ணின் அம்மா கண்ணாடி மேசைமேல் ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "ஏங்க பாய், நாங்க எம்பொண்ணுக்கு நலங்கு வெச்சமா, சாம்பல் பூசினமா? காய்ச்சல்ல கெடந்து எழுந்து வந்தவ மாதிரி இருக்கறா பாருங்க. சம்பந்தி வூட்டுல இத எப்படிங்க காட்டுவேன்? மங்களமா மஞ்ச பூசின எடத்துல மஞ்சளே இல்லீங்களே!" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு அந்தப் பெண்ணின் முகம் லட்சணமாகத்தான் இருந்தது. "நல்லாத்தானேங்க இருக்குது?" என்றேன். அங்கே இருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. இந்த டீச்சர் மகனுக்காகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். பாய் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீ வேலை தெரிஞ்சவன். ஸ்கிரீன் சரியில்லன்னா மாத்திக்க. இன்னொரு தபா பண்ணிக் குடு. அதுவும் இப்படியே வந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாக்கணும், கோவிச்சுக்காத" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஒரே வார்த்தைதான் பேசினாய். "ஸ்கிரீன்தாம்மா." நான் உற்சாகமாக ஒத்துக்கொண்டேன். "நான்தான் மொதல்லேருந்து சொல்றனே, அது மஞ்ச ஸ்கிரீன்." தர்மபுரியில் லேப்டாப் பழுது பார்க்கிறவரிடம் போனில் விசாரித்தாய். மாற்றலாம், அளவு பொருந்த வேண்டும், உள்ளே போகிற கேபிளின் முனை பொருந்த வேண்டும், ஆனால் லேப்டாப் விலையில் பாதி இதற்கே போய்விடும், யோசித்துச் செய்யுங்கள் என்றார் அவர். நீ யோசித்தாய். சோறு இறங்காமல் யோசித்தாய். முதன்முதலில் கிடைத்த வேலை, உன் கையால் செய்வது, அது கைவிட்டுப் போகிறதே என்பது உன் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலையில் நீ ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போது கொல்லையில் உன் அப்பா கத்தினார். அன்றைக்கு அவர் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போக வேண்டும். கொடியிலிருந்து வேட்டியை உருவிக்கொண்டு உள்ளே வந்தார். "சொட்டு நீலம் போடச் சொன்னா பாட்டிலோட கவுத்துடுவியா? மூணு மாசமாப் பாக்கறேன். இதக் கட்டிக்கிட்டுப் போனா, ஆகாசத்துல ஒரு துண்டு கிழிச்சு இடுப்புல சுத்திக்கிட்டு வந்திருக்கார்னு சொல்ல மாட்டாங்களா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளை வெளேர்னு இருக்குது. இன்னும் அந்த மஞ்சகூட முழுசாப் போகல. சும்மா கொறை சொல்லாதீங்க!" நீ தாளைக் கீழே வைத்தாய். வேட்டியைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். அப்பாவிடமிருந்து வேட்டியை வாங்கி, லேப்டாப்பில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, வேட்டியை அதன் பக்கத்தில் தொங்கவிட்டு, அந்தத் தாளையும் நீட்டினாய். "ம்மா, இந்த மூணுல எது நீலம்?" "எதுவும் நீலமில்ல. மூணும் வெள்ளைதான். லேசா மஞ்ச இருக்குது." நீ சிரிக்கவில்லை, குற்றம் சொல்லவும் இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்மா" என்றாய்.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் தர்மபுரி டாக்டர். கண்ணுக்குள் இருக்கிற இயற்கையான லென்ஸ் வயதாக ஆக மஞ்சளடித்துப் போகுமாம். "டீ டிகாஷன் ஊத்தின கண்ணாடி டம்ளர் வழியா உலகத்தப் பாத்துட்டு இருந்திருக்கீங்க டீச்சர். மெல்ல மெல்ல ஏறினதால உங்களுக்கே தெரியல" என்றார். முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று நான் கண்டதை உன்னிடம் அப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது முயன்று பார்க்கிறேன். நம் கூடத்துச் சுவர் சந்தன நிறம் என்று நினைத்திருந்தேன். அது வெள்ளை. குளியலறை வாளி கறுப்பு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது கரு நீலம். தண்ணீர்க் குடத்தின் விளிம்பில் ஒரு வெளிச்சம் உட்கார்ந்திருந்தது. என் கையில் நரம்பு பச்சையாக ஓடியது. வாசலுக்கு வந்து மேலே பார்த்தேன். இளங்கோ, ஆகாசம் அப்படி இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மறந்துபோனேன் என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்தது. எதிர் வீட்டுக்காரம்மா, "என்னாங்க டீச்சரு, ஏரோப்ளேனா போவுது?" என்று கேட்டார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

இடது கண்ணுக்குச் சில வாரம் கழித்துத்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சில வாரங்கள்தான் என் வாழ்க்கையில் நான் படித்த பெரிய பாடம். ஒரு கண் புதுசு, ஒரு கண் பழசு. உன் அப்பாவின் வேட்டியை எடுத்து விரித்தேன். இடது கண்ணை மூடினால் வேட்டி நீலம். சத்தியமாக ஆகாசத் துண்டுதான். அவரிடம் போய், "நீங்க சொன்னது சரிதாங்க" என்றேன். "எழுதிக் குடு, சட்டம் போட்டு மாட்டறேன்" என்றார். வலது கண்ணை மூடினால் அதே வேட்டி வெள்ளை. குறையே இல்லாத வெள்ளை. மறுபடி நீலம், மறுபடி வெள்ளை. இரண்டும் என் கண்தான், இரண்டுக்கும் பின்னால் இருக்கிற மனுஷி ஒருத்திதான். இடது கண் பொய் சொல்லவில்லை. அதனிடம் வந்து சேர்ந்ததை அது சொன்னது. அப்போதுதான் சித்தேரி பஸ்ஸும் அந்தப் பூவும் உன் குரலும் திரும்பி வந்தன. பேரு ஒண்ணும்மா, கலரு ஒண்ணான்னு கேட்டேன். இத்தனை வருஷம் கழித்து உனக்குப் பதில் சொல்கிறேன் கண்ணு. என் ஒரே தலைக்குள்ளேயே ஒரு நிறம் இரண்டாக இருந்தது. நீயும் நானும் இரண்டு தலை. ஒன்றுதான் என்று அவ்வளவு சுலபமாக எப்படிச் சொல்லிவிட்டேன்?

நலங்குப் படங்களை நீ மறுபடி செய்தபோது நான் கட்டிலில் உட்காரவில்லை. நீ என்ன செய்தாய் என்பதை மேகலா கேட்டால் சிரிப்பாள். அடுப்படிக்கு வந்து மஞ்சள் கிழங்கை வாங்கி, நனைத்து உரைத்து, உன் இடது கையில் முழங்கை வரை பூசிக்கொண்டாய். அந்தக் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, பெண்ணின் கன்னத்தை அதனோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு நிறத்தைக் கூட்டினாய். இடத்தை விட்டு அசையாமல், தலையைச் சாய்க்காமல் செய்தாய். ஒரு சின்னப் பிரதியை முதலில் அச்சடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் போடலாம் என்று கம்பைநல்லூருக்குப் போனபோது, கையைக் கழுவ மறந்து போய்விட்டாய். பாய் உன் கையைப் பார்த்து, "என்னா தம்பி, உனக்கு நலங்கா? சொல்லவே இல்லியே!" என்றாராம். பெண்ணின் அம்மா வந்து அந்தச் சின்னப் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, "இதுதாங்க எம்பொண்ணு" என்று மட்டும் சொன்னாராம். வேலை உன்னிடமே நின்றது. உன் கல்யாணத்துக்கு அதே பாய் வந்து, எல்லாரையும் அதட்டி நிற்க வைத்துப் படம் எடுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாரங்களில்தான் ஒரு நாள் ஈரத்துணியால் உன் லேப்டாப் திரையைத் துடைத்துவிட்டேன். நீ பார்த்திருந்தால் சண்டை பிடித்திருப்பாய். ஒரு பொட்டுத் தண்ணீர் அதில் நின்றுவிட்டது. நலங்குப் படம் திறந்திருந்தது, அந்தப் பெண்ணின் மஞ்சள் கன்னத்தின்மேல் அந்தச் சொட்டு. புதுக் கண்ணோடு குனிந்து பார்த்தேன். சொட்டுக்குள் சின்னச் சின்ன விளக்குகள். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, மங்கலாக ஒரு நீலம். வரிசை வரிசையாக எறும்புச் சாரிபோல. "இங்க வாங்க, சீக்கிரம்!" என்று உன் அப்பாவைக் கூப்பிட்டேன். "என்னா, பூச்சியா?" என்று விளக்குமாற்றோடு ஓடி வந்தார். அந்தத் திரையில் மஞ்சள் என்று ஒரு விளக்கே கிடையாது இளங்கோ. உனக்கு அது தெரிந்த விஷயமாக இருக்கும். நானும் புத்தகத்தில் படித்ததுதான். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அந்த அம்மா தேடி வந்த மஞ்சள், மங்களம் போய்விட்டதே என்று தவித்த மஞ்சள், திரையில் எங்கேயும் இல்லை. சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பார்க்கிறவர் கண்ணுக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் அது மஞ்சள் ஆகிறது. பார்க்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகச் செய்துகொள்கிறார்கள்.

சித்தேரிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஏழு நிறத் தட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். அட்டையில் வானவில்லின் நிறங்களைத் தீட்டி, நடுவில் பென்சில் செருகி வேகமாகச் சுற்றினால் வெள்ளையாகத் தெரியும் என்பது பாடம். உண்மையில் அது வெள்ளையாக வந்ததே இல்லை. நம் அட்டை, நம் வண்ணம், எப்போதும் அழுக்குச் சாம்பல்தான். ஆனால் நான், "என்னா தெரியுது? வெள்ளைதானே?" என்று கேட்பேன். "வெள்ளை டீச்சர்!" என்று எல்லாரும் கோரஸாகச் சொல்வார்கள். என்ன தெரிகிறது என்பதோடு நான் நிறுத்தியிருந்தால், அந்த வகுப்பில் எத்தனை பதில் வந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள இப்போது ஆசையாக இருக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு கண்ணும் சரியான பிறகு அந்தத் திரையை நான் நிதானமாகப் பார்த்தேன். அதில் மஞ்சள் இல்லை, நான் சொன்னது தவறு. ஆனால் அப்பா முதல் நாள் சொன்னது தவறில்லை. உன் நாற்காலியில் இருந்து பார்த்தால் ஒரு புடவை, கட்டிலில் இருந்து பார்த்தால் இன்னொரு புடவை, எழுந்து நின்றால் மூன்றாவது புடவை. என் கண்ணும் கெட்டிருந்தது, திரையும் சுமார்தான், நாம் ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றதை மறந்துவிட்டோம். நீ ஒருவன் மட்டும் பார்க்கிற வரையில் அதனால் குறையொன்றும் வரவில்லை. உன் இடம் உனக்குத் தெரியும், அசையாமல் இருக்கத் தெரியும், சின்னப் பிரதி போட்டுப் பார்க்கத் தெரியும். அதை வைத்தே இத்தனை ஆல்பம் செய்துவிட்டாய்.

மேகலாவோடு முகூர்த்தப் புடவை எடுக்க நான் தர்மபுரிக்குப் போன கதை உனக்குத் தெரியாது. கடைக்காரர் விளக்கு வெளிச்சத்தில் பத்துப் புடவையை விரித்துப் போட்டார். இவள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வாசலுக்குப் போய்விட்டாள். கடைப் பையன்கள் பதறிப் பின்னாலேயே ஓடினார்கள். வெயிலில் ஒரு மடிப்பை விரித்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, "இது அரக்குதான் அத்தே, உள்ள பாத்தப்ப நம்பிக்கை வரல" என்றாள். தான் கண்டதை அவள் அப்படியே நம்புகிறவள் இல்லை. சோதித்துப் பார்க்கிறவள். அவள் வந்து, இது செங்கல் நிறமாக எனக்குத் தெரிகிறது என்று சொன்னால், உனக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்கு முன்னால் நீயும் ஒன்றைச் சோதிக்க வேண்டும். போனில் அவள் இன்னொன்றும் சொன்னாள், நீ கவனித்திருக்க மாட்டாய். "நான் கம்பெனியிலேருந்து வந்ததும், வா வந்து பாருன்னு கூப்பிடுவார் அத்தே. நான் நாற்காலிக்குப் பின்னால நின்னு பாப்பேன். அவரு எழுந்திரிக்கவே மாட்டாரு." அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. தினமும் அவளைக் கூப்பிட்டுக் காட்டுகிறாய். நீ பார்க்கிற படத்தை அவள் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்க்கிற படத்தை நீயும் பார்க்கவில்லை.

ஆகவே நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். என் போன் திரையில் நான் காண்பது நான்காவது புடவையாக இருக்கும். என் புதுக் கண்ணை வைத்து உங்கள் வீட்டு நிறத்தை முடிவு செய்தால், பழைய கண்ணை வைத்து நலங்கு மஞ்சளை அழித்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும் எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் பார்ப்பதற்கு அந்தத் திரை போதும். இரண்டு பேர் பார்ப்பதற்குப் போதாது. நீங்கள் இப்போது இரண்டு பேர். நான் கீழே சொல்வதைச் செய்து பார்த்த பிறகு, அவள் சொன்ன செங்கல் நிறம் உன் கண்ணுக்கும் தெரிந்தால், லேப்டாப்பின் விலையைப் பார்க்காமல் நல்ல திரையாக மாற்றிவிடு. தெரியாவிட்டால் மாற்றாதே. அப்போது பீரோவிலிருந்து அந்தப் புடவையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாசல் வெயிலுக்குப் போங்கள். எப்படி ஆனாலும் ஆல்பத்தை அவள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அச்சுக்கு அனுப்பு.

இன்றைக்கு மேகலா கம்பெனியிலிருந்து வந்து, காபி குடித்து முடித்ததும், அந்தப் படத்தைத் திற. வழக்கம்போல வா, வந்து பாரு என்று கூப்பிட்டுவிட்டு, நீ எழுந்திரு. உன் நாற்காலியில் அவளை உட்கார வை. அவள் தினமும் நிற்கிற இடத்தில், நாற்காலிக்குப் பின்னால், நீ போய் நின்று பார்.

அம்மா